அலைக்கு ஒரு பலகை

தண்ணீரில் மிதக்க நான் வாங்கிய முதல் பலகையை அதன் மணத்துக்காகத்தான் தேர்ந்தெடுத்தேன். புதிதாக அறுத்த தேக்கை முகர்ந்து பார்த்தவர்கள் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். குளத்தில் போட்டு மேலே படுத்ததும் அந்தப் பலகை என்னையும் கூட்டிக்கொண்டு கீழே போயிற்று. நான் உருண்டு விழுந்த பிறகு, அது மட்டும் தனியாகச் சற்றுத் தள்ளி மேலே வந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. செங்கோட்டை மலையாளத்துச் சீமையிலிருந்து பிரிந்து எங்கள் ஜில்லாவோடு சேர்ந்த புதிது. தென்காசி ரத வீதியில் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர்தான். அந்த ஆனி மாதத்தில் நான்காவதாக மாமா வந்து சேர்ந்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் பங்குதாரராக இருந்தார். அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் அவரை நான் பார்த்திருந்தேன். அப்போது கல்யாண மாப்பிள்ளையாக, சென்ட் மணக்க, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேரடிவரை போனார். இந்தமுறை கப்பலேறி, ரயிலேறி, ஒரு தகரப்பெட்டியோடு தனியாக வந்தார். அத்தை பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள். குழந்தையும் தங்கவில்லை. இதை என்னிடம் யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. அடுக்களையில் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லும்போது நானாகக் கேட்டுக்கொண்டேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கொழும்பிலிருந்து வந்த பெட்டியில் எனக்கு ஒன்றும் இல்லை என்பதிலும் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

மாமா பேசமாட்டார். கேட்டால் தலையை ஆட்டுவார். தட்டில் போட்டதைத் தின்பார், போடாவிட்டால் கேட்கமாட்டார். முன்னறையில் பாயை விரித்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த அம்மா, குற்றாலத்துக்குக் கூட்டிப் போகலாம் என்றாள். தலையில் அருவி விழுந்தால் மனசு தெளியும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்பினார்கள். அதற்காகவே வெளியூர்களிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து நிறுத்துவார்கள். சீசன் தொடங்கிவிட்டிருந்தது. நாங்கள் வில்வண்டி பிடித்துத் தினமும் விடியுமுன் போனோம். மாமாவுக்குத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துப் பெரிய அருவிக்கடியில் அப்பா கையைப் பிடித்து நிறுத்துவார். பக்கத்தில் நிற்பவர்களெல்லாம் தண்ணீர் முதுகில் அறையும்போது கத்துவார்கள், சிரிப்பார்கள். மாமா பாறையோடு பாறையாக நிற்பார். போதும் என்று இழுத்தால் வந்துவிடுவார். நான் என்னவோ அந்த வாரம் முழுவதும் எனக்காக நடந்த உல்லாசப் பயணம் என்றே நினைத்தேன். வரும் வழியில் அம்மா வாங்கித்தந்த மங்குஸ்தானின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. மாமாவின் முகம் அந்த நாட்களில் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

குற்றாலம் சரிப்படவில்லை. அதன்பிறகு மாமாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. சாயங்காலமானால் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, குத்துக்கல்வலசை போகிற வழியில் இருந்த குளத்துக்குப் போய்விடுவார். கரைமேல் உட்கார்ந்துகொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். இருட்டிய பிறகுதான் வருவார்.

முதல் நாள் அம்மா வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்துபோனாள். இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, மாமா கூடப் போ. அவனுக்கு நம்ம ஊரு வழியெல்லாம் மறந்திருக்கும். நீதான் பத்திரமாக் கூட்டிட்டு வரணும். நடுவுல அவன விட்டுட்டு விளையாடப் போயிராத, என்ன?"

என்னை நம்பி ஒரு பெரிய மனிதரை ஒப்படைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, "இங்கன திரும்பணும் மாமா" என்று வழிகாட்டிக்கொண்டே போனேன். அவர் பிறந்து வளர்ந்ததே அந்த ஊர்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவரும் நான் இழுத்த பக்கமெல்லாம் திரும்பி வந்தார்.

சாரல் காலத்தில் எங்கள் ஊர்க் குளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து வரும்போது குளம் குளமாக இருக்காது. மேற்கேயிருந்து வரிசை வரிசையாக அலை கிளம்பி வந்து, கிழக்குக் கரையில் பதித்திருக்கும் அலைகற்களில் மோதித் தெறிக்கும். கரைமேல் உட்கார்ந்திருந்தால் முகத்தில் ஈரம் பட்டுக்கொண்டே இருக்கும். தென்கோடியில் கரை தாழ்ந்து புல்தரையாக முடியும் ஒரு மூலை உண்டு. அங்கே கல் கிடையாது. அலை ஓடிவந்து புல்லில் ஏறித் திரும்பும். மாடுகள் அங்கேதான் இறங்கும்.

நாங்கள் அந்த மூலையில் உட்காருவோம். நான் பேசிக்கொண்டே இருப்பேன். பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு பேச்சில்லை, டீச்சர் எந்தச் சேலை கட்டிவந்தாள், எல்லாம். பதில் வராத ஆளிடம் பேசுவதில் ஒரு சுகம் இருக்கிறது, யாரும் இடைமறிப்பதில்லை. ஒருநாள் காற்று கடுமையாக இருந்தது. அலை ஒன்று பெரிதாக எழும்பி, நுரை கட்டி, புல்லில் வெகுதூரம் ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே மாமா வாயைத் திறந்தார்.

"கொழும்புல கடற்கரையில ஒரு வெள்ளைக்காரனப் பாத்தோம். பலகையில குப்புறப் படுத்துக்கிட்டு, அலையோட அலையா கரைக்கு வாரான். உங்க அத்தை அதப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இருக்கே…"

அவர் நிறுத்திவிட்டார். அப்புறம் கண் கலங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை. என் மனம் முழுக்க வெள்ளைக்காரனிடம் போய்விட்டது.

"அந்தப் பலகை எவ்வளவு நீளம் மாமா?" என்று கேட்டேன்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். ஊருக்கு வந்ததிலிருந்து அவர் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான் என்று தோன்றுகிறது.

"தெரியலயே. ஓராள் நீளம் இருக்கும்."

"அகலம்?"

"நீ படுக்கிற அகலம்."

"நாமளும் படுப்பமா?"

அவர் இன்னொரு அலை புல்லில் ஏறித் திரும்புவதைப் பார்த்தார். பிறகு, "பலகை வேணுமே" என்றார்.

வேண்டும் என்றால் தேடவேண்டியதுதானே. மறுநாள் நான் அடுக்களையிலிருந்து உட்காரும் மணையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அது என் கைகளை மட்டும் தாங்கியது. அதற்கடுத்த நாள் யாரோ வெட்டிப் போட்டிருந்த வாழைத்தடிகள் இரண்டைச் சேர்த்து நாரால் கட்டினோம். மிதந்தது, ஆனால் அலை வந்ததும் ஒன்று வடக்கே போனது, ஒன்று தெற்கே போனது, நடுவில் நான் தண்ணீர் குடித்தேன். மாமா இடுப்பளவு தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி என்னைத் தூக்கி நிறுத்தினார். "இது சரியா வராது. மரக்கடைக்குத்தான் போகணும்" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில், நாளைக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கிற ஆளின் குரல் இருந்தது. இதுவும் இப்போது தோன்றுவதுதான்.

ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டைக்கு பஸ்ஸில் போனோம். ஊருக்குள் நுழைகிற இடத்தில் மரம் அறுக்கிற மில் ஒன்று இருந்தது. மலையிலிருந்து இறக்கிய தடிகள் வெளியே மலைபோல் கிடந்தன. உள்ளே மரத்தூள் காலைப் புதைத்தது. மில்லுக்காரர் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுகிற மனிதர்.

"கட்டிலுக்கோ, கதவுக்கோ?" என்று கேட்டார்.

"தண்ணியில போடதுக்கு" என்றார் மாமா.

"வெள்ளத்திலோ? தோணியா?"

"தோணியில்ல. பிள்ள அதுமேல படுத்துக்கிடும்."

மில்லுக்காரர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். கல்யாணத்துக்குச் சாமான் எடுக்க வந்தவர்களைப் போல நாங்கள் இரண்டு பேரும் முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டிருந்தோம். "நோக்கி எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எப்படிப் பார்த்து எடுப்பது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. சுவரோரம் சாத்தியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். தட்டினால் என்ன தெரியும் என்பதும் தெரியாது. நான் ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டேன். ஒல்லியாக, நெட்டையாக, தேன் நிறத்தில், இழைத்த பக்கம் வழவழவென்று இருந்தது. மூக்கை வைத்து முகர்ந்தேன். விடமுடியவில்லை.

"இது தேக்கு. நல்ல கனமாச்சே" என்றார் மாமா.

"இதுதான் வேணும்."

"பிடிச்சிருக்கா?"

"ரொம்ப."

"அப்ப இதுதான்" என்றார். அவருக்குமே அது அழகாகத்தான் பட்டிருக்க வேண்டும்.

அந்தத் தேக்குப் பலகை செய்ததைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நான் மூக்கிலும் வாயிலும் தண்ணீரோடு எழுந்து நின்றபோது, என் தலைமேல் ஒரு முழு ஆகாயத்தாமரைச் செடி உட்கார்ந்திருந்ததாம். மாமா சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு தண்ணீரிலேயே குந்தி உட்கார்ந்துகொண்டு. கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரோடு பேசவில்லை. வழியும் காட்டவில்லை. அவர் தானாகவே சரியாக வந்து சேர்ந்தார். அம்மாவிடம் புகார் சொன்னேன்.

"மாமா என்னப் பாத்துச் சிரிச்சிட்டாரும்மா."

"யாரு?"

"மாமா."

"மாமாவா? சத்தமாவா சிரிச்சான்?"

"ஊரே பாக்க."

அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, ஈரத் தலையில் முத்தம் கொடுத்தாள். நான் எதிர்பார்த்த ஆறுதல் அதுதான் என்பதால் எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. தேக்குப் பலகை அடுக்களைச் சுவரில் ஊறுகாய் ஜாடி வைக்கிற தட்டாக மாறியது. அந்த வேலைக்கு அது பிறந்த மாதிரி பொருந்திப்போயிற்று.

இரண்டாவது முறை செங்கோட்டைக்குப் போகும்போது எங்களுக்கு விஷயம் கொஞ்சம் தெரிந்திருந்தது. அழகைப் பார்க்கக்கூடாது. அகலம் வேண்டும், தடிமன் வேண்டும், அப்படியிருந்தும் கனம் இருக்கக்கூடாது. மாமா ஒவ்வொரு பலகையையும் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். தரையில் போட்டு என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். "கைய ரெண்டு பக்கமும் விடு. தண்ணியத் தள்ளு பாப்போம்" என்றார். நான் மரத்தூளைத் தள்ளினேன். தோள் இடித்தால் அது வேண்டாம், கை தரைக்கு எட்டாவிட்டால் அதுவும் வேண்டாம். மில்லில் வேலை செய்தவர்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாமாவுக்கு அது கண்ணிலேயே படவில்லை. மில்லுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. சந்தேகமானதையெல்லாம் அங்கே தூக்கிப்போய்ப் போட்டு, அதன்மேல் தன் கையை ஊன்றி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தார். மாம்பலகை பாதி அமுங்கியது. வேங்கை முழுக்க.

கடைசியில் கழிவு மரங்களுக்கிடையில் ஒன்றைக் கண்டெடுத்தோம். இலவம் பலகை. சரக்குப் பெட்டி அடிக்க அறுத்துப் போட்டது. சோறு வடித்த கஞ்சியின் நிறம், ஒரு பக்கம் ஓட்டை, மணம் என்று ஒன்றும் கிடையாது. என் கையளவு தடிமன் இருந்தது. ஆனால் மாமா ஒரு கையால் அதன் முனையைத் தூக்கிவிட்டார். வாய்க்காலில் போட்டபோது வாத்து மாதிரி உட்கார்ந்தது. நான் ஏறிப் படுத்தேன். கொஞ்சம் அசைந்து கொடுத்துவிட்டு என்னைத் தாங்கிக்கொண்டது.

"அசிங்கமா இருக்கே மாமா" என்றேன்.

"இருக்கட்டும்ட்டி. உன்னத் தாங்குதுல்லா" என்றார் மாமா.

பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஓட்டையை அரக்கு உருக்கி அடைத்தார். முன்முனையை உளியால் செதுக்கிப் படகுபோல வளைத்தார். ஒருநாள் முழுக்கப் பின்கட்டில் அந்தச் செதுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மரம் தண்ணீர் குடிக்காமலிருக்கப் புன்னை எண்ணெய் பூசினார். அதனால், அடுத்தநாள் குளத்தில் நான் ஏறிய வேகத்திலேயே மறுபக்கம் வழுக்கி விழுந்தேன். எத்தனை தடவை ஏறினாலும் அதே கதை. மாமா தலையைச் சொறிந்தார். எண்ணெயைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். மேல்பக்கத்தில் ஒரு சாக்குத் துண்டை இழுத்து ஓரமெல்லாம் ஆணி அடித்தார். வழுக்குவது நின்றது. வயிறெல்லாம் சிராய்த்துக்கொண்டு எரிந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "நாளைக்கும் போகணுமாக்கும்?" என்று கேட்டாள். போகவேண்டும் என்றேன். "சரி, போ" என்றாள்.

இதற்குள் விஷயம் ரத வீதிக்குப் போய்விட்டது. "அண்ணாச்சி, உங்க மச்சினரு பொம்பளப்பிள்ளயக் குளத்துல போட்டு என்னமோ வித்த காட்டுதாராமே" என்று கடைக்கு வந்தவர் யாரோ கேட்டிருக்கிறார். அப்பா சாப்பாட்டுக்கு வந்ததும் இலைமுன் உட்காராமல் நின்றார்.

"வெக்கக்கேடா இருக்கு. நாளையிலிருந்து பிள்ளைய அனுப்பாத. அந்தப் பலகைய அடுப்புக்குப் போடு."

அப்பா சொன்னதற்கு அம்மா மறுபேச்சுப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அவன் சிரிச்சான்னு பிள்ள சொல்லுதா. அன்னைக்கு அவனே உளி கேட்டு வாங்கினான். காலையில கிணத்துல தானா தண்ணி இறைச்சு முகம் கழுவுதான். நீங்க கடையில இருக்கிய, பாக்கல. நான் பாத்துக்கிட்டிருக்கேன். பலகைமேல கைய வச்சா நான் சும்மா இருக்கமாட்டேன்."

அப்பா இலைமுன் உட்கார்ந்து சாப்பிட்டார். எழுந்து போகும்போது என்னிடம், "பாவாடையத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கிட்டு இறங்கு. காலுல சிக்கிரும்" என்று மட்டும் சொன்னார். அம்மா எனக்காகச் சண்டைபோட்டு ஜெயித்துவிட்டாள் என்று நான் அந்தத் தெருமுழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆடி மாதம் பாதியில் எனக்கு அது வசப்பட்டது. மாமா பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் புல்தரையைப் பார்த்துப் படுத்திருப்பேன். பின்னால் வருகிற அலைகளை அவர் பார்ப்பார். "இது வேண்டாம்… இதுவும் வேண்டாம்… இந்தா வருது, தள்ளு" என்பார். நான் இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளுவேன். அதுவரை ஒவ்வொரு முறையும் அலை எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அது பலகையின் பின்முனையைத் தூக்கியது. தூக்கிக்கொண்டு போனது. காதில் காற்று, முகத்துக்கு நேரே நுரை. என் கைகள் ஒன்றும் செய்யவில்லை. குளம் என்னைக் கொண்டுபோயிற்று. புல்லில் தட்டி நின்றபோதுதான் மூச்சே விட்டேன். திரும்பிப் பார்த்தால் மாமா தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கியிருந்தார். பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வாகனம் பார்த்துவிட்டேன். அந்தக் கொஞ்சதூரத்தைப் போல ஒரு பயணம் போனதில்லை.

"நீங்களும் படுங்க மாமா" என்று கேட்டேன்.

"எனக்கு வேண்டாம்ட்டி. நான் படுத்தா அது தாங்காது" என்றார்.

அதற்குப் பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, மாமா வீட்டில் இல்லை. சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் எப்போது எழுந்து போனார் என்று அவளுக்கே தெரியவில்லை. வழக்கமாக நான் வரும்வரை வாசலில் காத்திருப்பார். சேர்ந்துதான் போவோம். அம்மா முன்னறையைப் பார்த்தாள். பாய் சுருட்டி வைத்திருந்தது. தகரப்பெட்டி மூடியிருந்தது. அதன்மேல் அவருடைய கைக்கடிகாரம் இருந்தது. அம்மா அந்தக் கடிகாரத்தையே பார்த்தாள்.

"ஓடு" என்றாள் என்னிடம். "குளத்துக்கு ஓடு. மாமா அங்கன இருக்கானான்னு பாரு. ஓடுட்டி, நிக்காத."

அந்தக் குரல் எனக்குப் புதிது. ஆனால் குளத்துக்குப் போவதென்றால் பலகையில்லாமல் எப்படிப் போவது? நான் பின்கட்டுக்கு ஓடினேன். கிணற்றடிச் சுவரில் அது எப்போதும் சாய்ந்திருக்கும். அங்கே இல்லை.

"அம்மா" என்று கத்தினேன். "மாமா பலகைய எடுத்துட்டுப் போயிட்டாரும்மா. என்கிட்டக் கேக்காம எடுத்துட்டுப் போயிட்டாரு."

"என்னது?"

"என் பலகை. காணும்."

அம்மா பின்கட்டுக்கு வந்தாள். சுவரெல்லாம் நனைந்திருந்தது. பலகை சாய்ந்திருந்த இடம் மட்டும் இன்னும் முழுதாக நனையவில்லை. அவள் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "பலகைய எடுத்துட்டா போயிருக்கான்?" என்று மறுபடி என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். துணி துவைக்கிற கல்லில், சாரலில் நனைந்துகொண்டே, உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். எனக்காக அவள் அவ்வளவு வருத்தப்படுவாள் என்று நான் நினைக்கவில்லை. "பரவாயில்லம்மா, குடுத்திருவாரு" என்று சமாதானம் சொன்னேன்.

பிறகு எழுந்தாள். உலையை இறக்கி வைத்துவிட்டு, கதவைச் சும்மா சாத்திக்கொண்டு, என் கையைப் பிடித்தாள். வீதியில் அம்மா அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

கரைமேல் ஏறியதும் மாமாவைப் பார்த்துவிட்டோம். அவர் பலகையில் குப்புறப் படுத்திருந்தார். அது அவர் எடைக்குப் பாதி அமுங்கி, தண்ணீருக்கு மேலே தலையும் தோளும்தான் தெரிந்தன. கைகளைத் துடுப்புப்போலப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு அலை வந்தது. அவரை விட்டுவிட்டுப் போனது. அடுத்தது அவரைப் புரட்டிப்போட்டது. எழுந்து, பலகையைத் தேடிப் பிடித்து, இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், வலித்தது. வெகுநேரம் கழித்து ஒரு நல்ல அலை வந்தது. நானாக இருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன். அவரும் எடுத்தார். அது அவரையும் அந்த அசிங்கமான பலகையையும் சேர்த்துத் தூக்கி, கோணலாக, பக்கவாட்டில், புல்தரையில் கொண்டுவந்து தள்ளிவிட்டது.

அவர் புல்லில் உட்கார்ந்துகொண்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. இருமினார். தனக்குத் தானே ஏதோ சொல்லிக்கொண்டு சிரித்தார். தலையை நிமிர்த்தியபோதுதான் எங்களைக் கண்டார்.

"அக்கா, நீ எதுக்கு வந்த?"

"துண்டு கொண்டாந்தேன். மழையில கிடக்கியே" என்றாள் அம்மா.

அவள் கையில் துண்டு ஒன்றும் இல்லை. மாமா அந்த வெறுங்கையைப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"இனிமே சொல்லிட்டு வாரேன்க்கா" என்றார்.

அம்மா முந்தானையாலேயே அவர் தலையைத் துவட்டினாள். சின்னப்பிள்ளைக்குத் துவட்டுவதுபோல, அழுத்தி, காதுக்குப் பின்னாலெல்லாம். மன்னிப்பை அவர் என்னிடமல்லவா கேட்கவேண்டும் என்று நான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

மாமா கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை. சுரண்டையில் ஒரு சிறிய பலசரக்குக் கடை போட்டார். பல வருஷம் கழித்து மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். என் கல்யாணத்துக்கு அவர்தான் தாய்மாமனாக முன்னால் நின்றார். தொண்ணூறை நெருங்கும்வரை இருந்துவிட்டு, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். அவர் போனபிறகுதான் ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். அவருக்குத்தான் சின்ன வயதிலேயே நன்றாக நீச்சல் தெரியுமே, பிறகு எதற்கு அப்படி அஞ்சினாய் என்று. அம்மா அப்போது தொண்ணூறைத் தாண்டியிருந்தாள். "நீச்சல் தெரியும்தான்" என்றாள். "நீந்தணும்னு தோணணும்லா." குளத்துக்குப் போன ஒவ்வொரு சாயங்காலமும் அவள் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் தன் தம்பியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள் என்பது எனக்கு விளங்கிக்கொள்ள அவ்வளவு காலம் பிடித்தது. எனக்குத் தெரிந்திருந்தால் பயந்துபோய் எதையாவது கெடுத்திருப்பேன். தெரியாமல் பார்த்துக்கொண்டதற்கும் சேர்த்துத்தான் அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்ததெல்லாம் ஒரு வழக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மா உலையை மறுபடி ஏற்றினாள். அப்பளம் பொரித்தாள். விசேஷ நாளில் மட்டும் வெளியே வருகிற அப்பளம். மாமா இலையில் ஒன்று போட்டாள், முடிந்ததும் இன்னொன்று போட்டாள். அவர், "அக்கா, இன்னும் ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். அம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியபடியே என் பங்கையும் எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்தவர் பலகையைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போன ஆளுக்கு எதற்காக இத்தனை உபசாரம் என்று, நான் வெறும் ரசச்சோற்றைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் யோசித்தேன்.